வெள்ளியைச் சுட்ட கப்பல்

இங்கிலாந்தின் கடற்படைத் துறைமுகமான டெவன்போர்ட்டில் எந்த மதுக்கடைக்குள் நுழைந்து ‘கலிஸ்டா’ என்று சொன்னாலும் முதலில் யாராவது ஒருவர் சிரிப்பார், அதற்குப் பிறகுதான் பேச்சு தொடங்கும். அந்தப் போர்க்கப்பலில் வேலை பார்த்த நாங்களே முந்திக்கொண்டு சிரித்துவிடுவது வழக்கம். அடுத்தவன் ஆரம்பிப்பதற்குள் நாமே ஆரம்பித்துவிட்டால் பாதி வலி குறையும்.

கலிஸ்டா குரூசர் வகையில் சின்னக் கப்பல். பெரிய கப்பல்களுக்கு முன்னால் ஓடி, எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்துச் சொல்வதற்காகக் கட்டப்பட்டது. முதல் உலகப்போருக்கென்று அரக்கப்பரக்கக் கட்டி, சாயம் பூசி, பேண்டு வாத்தியத்தோடு கடலில் விட்ட வாரத்தில் போர் முடிந்துபோயிருந்தது. சரி, சரணடைய வரும் ஜெர்மன் கப்பல்களையாவது வரிசையில் நின்று பார்க்கலாம் என்று ஓடினோம். பனிமூட்டத்தில் வழி தவறி ஒரு மீன்பிடிப் படகைத்தான் சந்தித்தோம். அந்த மீனவரிடமே வழி கேட்டுக்கொண்டு வீடு திரும்பினோம்.

இருபதுகளில் கப்பல் மால்டாத் தீவில் வெயில் காய்ந்தது. நிலநடுக்கம் வந்த ஒரு தீவுக்கு ரொட்டி ஏற்றிப் போனது. போய்ச் சேர்ந்தபோது தீவுக்காரர்கள் சாப்பிட்டு முடித்து, எங்களையும் உட்காரவைத்துப் பரிமாறினார்கள். முப்பதுகளில் அதை ஆற்று முகத்துவாரத்தில் கட்டிப்போட்டார்கள். அடியில் சிப்பி வளர்ந்தது. மறுபடி போர் வந்ததும் சிப்பியைச் சுரண்டி, விமானங்களைச் சுட நாலு பீரங்கிகளைப் பொருத்தி, சரக்குக் கப்பல் கூட்டங்களுக்குக் காவலாக அட்லாண்டிக்குக்கு விரட்டினார்கள்.

இந்த வரலாறு முழுவதையும் கூடவே இருந்து அனுபவித்தவர் ஒருவர் உண்டென்றால் அவர் செப்டிமஸ் கேட்.

அந்தப் பெயரை அவருக்கு வைத்தது அனாதை விடுதி. விடுதியின் கேட்டருகே கிடந்த பிள்ளை, அந்த வருஷம் அப்படிக் கிடைத்ததில் ஏழாவது. லத்தீனில் செப்டிமஸ் என்றால் ஏழாவது. “எனக்குப் பேர் வெக்கிறதுக்கு அவங்க மண்டையை ஒடச்சிக்கவே இல்லை. எண்ணத் தெரிஞ்சிருந்தாப் போதும்,” என்பார் அவர். ஞானஸ்நானம்கூட மற்ற பிள்ளைகளோடு சேர்த்து, சமையலறைக் கிண்ணத்தில். வயது வந்ததும் விடுதி அவரைக் கடற்படைக்கு அனுப்பியது. கலிஸ்டா முதன்முதல் கடலில் இறங்கிய நாளில் அவரும் அதில் ஏறினார். இடையிடையே வேறு கப்பல்களுக்கு மாற்றினார்கள். எப்படியோ சுற்றிச் சுற்றி இங்கேயே வந்து சேர்ந்தார்.

நன்னடத்தைக்குத் தரும் மூன்று பட்டைகளும் அவர் சட்டைக் கையில் இருந்தன. பதவி உயர்வு மட்டும் கிட்டே வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாகச் சாதாரண மாலுமி. எல்லோரும் அவரைப் ‘பட்டைக்காரர்’ என்றுதான் கூப்பிட்டோம். “மூணு பட்டைன்னா என்னா அர்த்தம் தெரியுமாடா? இத்தனை வருஷமா மாட்டிக்கவே இல்லைன்னு அர்த்தம்,” என்று புதிதாக வரும் பையன்களுக்கு விளக்கம் சொல்வார்.

நாற்பதை நெருங்கும்போதுதான் கல்யாணம். லவீனியா துறைமுகத்துக் கயிற்றுத் தொழிற்சாலையில் கயிறு முறுக்கும் வேலை பார்த்தவள். கையும் வாயும் ஒரே அளவு உறுதி. 1940 கோடையில் அவள் கர்ப்பமாக இருந்தபோது செப்டிமஸ் எங்கள் சாப்பாட்டு மேசையில் தன் ஆசையை வெளியே சொன்னார். கடற்படையில் ஒரு பழக்கம் உண்டு. கப்பலில் வேலை பார்ப்பவனுக்குப் பிள்ளை பிறந்தால், கப்பலின் மணியைக் கழற்றித் தலைகீழாக வைத்து, அதில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பிள்ளையின் பெயரை மணியின் உட்புறத்தில் வெட்டிவைப்பார்கள். எங்கள் மணிக்குள் ஏற்கெனவே ஏழெட்டுப் பெயர்கள் இருந்தன, எல்லாம் அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள்.

“நான் எந்த ஊர்னு யாராவது கேட்டா என்னால சொல்ல முடியாது. ஒரு கேட்டு, ஒரு கிண்ணம், அவ்ளோதான்,” என்றார். “என் பிள்ளையைக் கேட்டா அது சொல்லணும். நான் கலிஸ்டா, என் பேர் அந்த மணியில இருக்கு, போய்ப் பாருன்னு சொல்லணும்.”

அவரோடு இருபது வருஷம் குப்பை கொட்டிய ட்ரெனர் மட்டும் அதற்கும் கிண்டல் செய்தான். “பாத்துக்கோ, நம்ம கப்பல்ல பேர் வெச்சா அந்தப் பிள்ளை ஸ்கூலுக்குக்கூட லேட்டாத்தான் போகும்.”

நிபந்தனை ஒன்றே ஒன்று. ஞானஸ்நானம் நடக்கும் நாளில் அப்பன் அந்தக் கப்பலின் ஆளாக இருக்க வேண்டும். செப்டிமஸுக்கு அதில் என்ன சந்தேகம்? அவர் இல்லாத கலிஸ்டாவா?

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய சரக்குக் கூட்டத்தை அமெரிக்கப் பக்கத்திலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தோம். விடியும் நேரம்தான் ஆபத்து என்பதால் எல்லோரும் அவரவர் இடத்தில் நிற்போம். மேல்தளத்தின் வலது முனையில் தொலைநோக்கியோடு செப்டிமஸ். முந்தின வாரமெல்லாம் மழையும் மூட்டமும். அன்று வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

“விமானம்! வலது முன்பக்கம், உயரத்துல! வெளிச்சம் தெரியுது சார்!”

கேப்டன் அயர்டன் தன் தொலைநோக்கியைத் தூக்கினார். இருந்தது. வெள்ளையாக, தீவிரமாக, எங்களையே பார்த்துக்கொண்டு.

“நகருதா, கேட்?”

“நகரலை சார். இருந்த எடத்துலயே நிக்குது.”

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் எல்லோரும் மேலே பார்த்தோம். கரையில் இருப்பவர்களுக்கு, நகராத பொருள் பயமில்லாத பொருள். கடலில் தலைகீழ். தூரத்தில் தெரிகிற ஒன்று திசை மாறிக்கொண்டே போனால் அது உன்னைத் தாண்டிப் போய்விடும். திசை மாறாமல் ஒரே இடத்தில் நின்றால் அது நேராக உன் மேல்தான் வந்துகொண்டிருக்கிறது. இதை முதல் வாரத்திலேயே அடித்து அடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். நூறு வருஷமாக எத்தனையோ கப்பலைக் காப்பாற்றிய பாடம்.

கேப்டன் வேகத்தைக் கூட்டச் சொன்னார். திசை மாறவில்லை. இன்னும் கூட்டச் சொன்னார். அப்போதும் மாறவில்லை. “விடாம நம்ம மேலயே வர்றான்யா!” என்றார் இரண்டாம் நிலை அதிகாரியான கமாண்டர் மால்பஸ். சுட உத்தரவு வந்தது. நாலு பீரங்கிகளும் வெடித்தன. கலிஸ்டா பிறந்ததிலிருந்து எதிரி என்று நினைத்துச் சுட்ட முதல் குண்டுகள் அவை. கீழே இயந்திர அறையில் சிலர் கைதட்டினார்கள். குண்டுகள் வானத்தில் அழகாகப் பூத்தன. அது அசையவில்லை. மறுபடி சுட்டோம். அப்போதும் அசையவில்லை. அதன் துணிச்சலைப் பார்த்து எங்களுக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

கப்பலின் வழியைக் கணக்கிடும் அதிகாரி அப்போதுதான் வரைபட அறையிலிருந்து ஒரு கையில் கோகோக் கோப்பையோடு ஏறி வந்தார்.

“எதைச் சுடறோம் சார்?”

“அதோ, அதை.”

அவர் பார்த்தார். ஒரு வாய் கோகோ குடித்தார். “தூரத்தைக் கொஞ்சம் கூட்டி வெக்கணும் சார். அது விடிவெள்ளி.”

விடிவெள்ளிக்கு எங்கள் மொழியில் வீனஸ் என்று பெயர். அன்று காலையிலிருந்து செப்டிமஸ் கேட்டுக்கும் அதுதான் பெயர்.

மானம் கப்பலேறியது என்று கரையில் சொல்வார்கள். எங்கள் மானம் ஒரு கூட்டம் கப்பல்களில் ஏறியது. சரக்குக் கப்பல்கள் ஒவ்வொன்றாக விளக்குச் சைகை அனுப்பின. ஒன்று வாழ்த்துச் சொன்னது. ஒன்று, ‘சந்திரனை மட்டும் விட்டுவையுங்கள், எங்களுக்குத் தேவைப்படும்’ என்றது. செப்டிமஸ் சாப்பாட்டு மேசைக்கு வந்தபோது ட்ரெனர் எழுந்து நின்று சல்யூட் அடித்தான். செப்டிமஸும் கம்பீரமாகத் திருப்பி அடித்தார். “டேய், நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே. எதிரி அங்கேயேதான் இருக்கான்னு சொன்னேன். இன்னிக்கும் அங்கேயேதான் இருக்கான்.”

ஆனால் கமாண்டர் மால்பஸ் சிரிக்கிற ரகம் இல்லை. அவர் செப்டிமஸைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் சொன்னார்: “ஊர் போய்ச் சேர்ந்த அன்னிக்கே நீ கரைக்குப் போற, கேட். கடற்படை முகாம்ல உக்காந்து உருளைக்கிழங்கு உரி. உருளைக்கிழங்காவது மேல இருந்து வந்து நம்மளத் தாக்காது.”

அன்று இரவு உணவைச் செப்டிமஸ் தொடவில்லை. ட்ரெனர் தன் பங்கு ரம்மை அவர் பக்கம் தள்ளினான். அவர் அதையும் பார்க்கவில்லை. “பேர் கெட்டதுக்கு நான் அழலடா. கெடறதுக்கு என்கிட்ட எப்ப நல்ல பேர் இருந்துச்சு? என்னைக் கரைக்கு அனுப்பிட்டா அந்த மணி என் பிள்ளைக்குக் கெடைக்காது. அதுவும் ஏதோ ஒரு கிண்ணத்துலதான் முங்கும்.” சொன்னவர் முகத்தில் கிண்டல் துளியும் இல்லை. அதைப் பார்க்க எங்களுக்குத்தான் சங்கடமாக இருந்தது.

காவல் பார்க்கும் வேலையிலிருந்து அவரை எடுத்துவிட்டு, சின்ன வயசுக்காரர்களைப் போட்டார் கமாண்டர். அந்தப் பையன்களுக்குக் கண் கழுகுக் கண்தான். ஆனால் வாயைத் திறக்க ஒருவனுக்கும் தைரியம் இல்லை. எதையாவது பார்த்து, அது வேறொன்றாகிவிட்டால் ‘இரண்டாம் வீனஸ்’ என்று சாகும்வரை கூப்பிடுவார்களே! ஒருநாள் மதியம் ஆளில்லாத உயிர்காப்புப் படகு ஒன்று கப்பலை உரசுகிற மாதிரி மிதந்து போனது. ஒருவனும் சொல்லவில்லை. கேப்டனே எட்டிப் பார்த்து அதிர்ந்துபோனார்.

“நீ பாக்கலையா?”

“பாத்தேன் சார்.”

“ஏன் சொல்லல?”

“திமிங்கலமா இருந்துட்டா என்ன பண்றதுன்னு நெனச்சேன் சார்.”

கேப்டன் அயர்டன் தொலைநோக்கியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு கமாண்டரிடம் சொன்னார்: “பட்டைக்காரனைத் திரும்பக் கொண்டுவாங்க. இந்தக் கப்பல்லயே வெக்கப்படறதுக்குப் பாக்கி எதுவும் இல்லாத ஒரே ஆள் அவன்தான்.”

செப்டிமஸ் வந்து நின்றார். “எதைப் பாத்தாலும் சொல்லு. என்னன்னு நீ யோசிக்காத, அதை நாங்க பாத்துக்கறோம்,” என்றார் கேப்டன்.

சொல்லச் சொன்னால் செப்டிமஸ் விடுவாரா? கடற்காக்கை, மரப்பெட்டி, அலைநுரை, தூரத்து மழை எல்லாவற்றையும் சொன்னார். கமாண்டரின் தொப்பி காற்றில் பறந்து கடலில் விழுந்தபோது அதையும் திசையோடு சேர்த்துச் சொன்னார். கமாண்டர் பல்லைக் கடித்தார். கரைக்கு அனுப்பும் முடிவு மட்டும் மாறவில்லை. “பாக்கலாம். இன்னொரு வாட்டி உளறாம ஊர் போய்ச் சேந்தா பாக்கலாம்,” என்று ஒரு நூல் அளவு இடம் விட்டார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு செப்டிமஸ் தொங்கினார்.

ஊர் நெருங்கியது. மறுபடி சில நாள் மூட்டம். கடைசிக்கு முந்தின விடியலில், கிழக்கே மேகம் ஓர் இடத்தில் கிழிந்தது. அந்தக் கிழிசலுக்குள் ஒரு வெளிச்சம். வெள்ளை. அசையாதது.

செப்டிமஸுக்குத் தெரிந்துவிட்டது. ஊரெல்லாம் பெயர் வாங்கிக்கொடுத்த முகம் மறந்துபோகுமா? நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அது வெள்ளிதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளை ஊர், கையில் பிள்ளை, மணியில் பெயர். வாயைத் திறந்தால் முகாம், உருளைக்கிழங்கு, கிண்ணம். மிச்சமிருக்கும் ஒரு பங்கு விமானமாக இருந்துவிட்டால்? கப்பலில் நானூறு பேர் இருந்தோம். அவர் பிற்பாடு சொன்னார், மணிதான் கண்முன்னால் நின்றதாம். மனசுக்குள் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கத்தினாராம்.

“வெளிச்சம்! வலது முன்பக்கம்! அசையல சார்! அது வெள்ளியாத்தான்...”

பல இரவுகள் தூங்காமல் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்த கேப்டன் துள்ளி எழுந்தார். ‘அசையல’ வரைக்கும்தான் அவர் காதில் விழுந்தது. “முழுசா வலது பக்கம் திருப்பு!”

கலிஸ்டா அப்படியே ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியது. கீழே தட்டுகள் நொறுங்கின, தொங்கும் படுக்கைகளிலிருந்து ஆட்கள் உருண்டார்கள், ட்ரெனர் மேல் ஒரு பானைக் கஞ்சி கொட்டியது. மேலே கமாண்டர் மால்பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிவந்த முகத்தோடு செப்டிமஸை நோக்கித் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் இடதுபக்கக் காவலில் நின்ற பையன் அலறினான்.

“டார்பிடோ! டார்பிடோ!”

நீர்மூழ்கி ஒன்று தண்ணீருக்கடியில் ஏவிய குண்டுகள், இரண்டு வெள்ளைக் கோடுகள். கப்பலின் இடதுபக்கமாக, எட்டி உதைக்கலாம்போல அவ்வளவு கிட்டத்தில், எங்களோடு சேர்ந்து ஓடின. ஓடி, முந்தி, வெறுங்கடலில் கரைந்தன. திரும்பாமல் நேராகப் போயிருந்தால் இரண்டும் நடுவயிற்றில் இறங்கியிருக்கும்.

கூட வந்த மற்ற காவல் கப்பல்கள் நீர்மூழ்கியைத் தேடி ஓடின. வழக்கம்போல அது தப்பித்துவிட்டது.

“நல்லாப் பாத்தே, கேட்,” என்றார் கேப்டன்.

“நான் அதைப் பாக்கல சார்,” என்றார் செப்டிமஸ். “நான் வெள்ளியைத்தான் பாத்தேன். அதோ, இன்னும் அங்கேயேதான் நிக்குது.”

எல்லோரும் கிழக்கே பார்த்தார்கள். நின்றது. முதலில் சிரித்தவர், நம்புங்கள், கமாண்டர் மால்பஸ். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இவன் இங்கேயே இருக்கட்டும் சார். சரியாப் பாக்கறதுக்கு நம்மகிட்ட நிறைய பேர் இருக்காங்க. இவனை மாதிரி தப்பாப் பாக்க ஒருத்தன் கெடைக்க மாட்டான்.”

டெவன்போர்ட்டில் இறங்கியபோது பிள்ளை பிறந்திருந்தது. பெண். செப்டிமஸ் வீட்டில் வெள்ளியைச் சுட்ட கதையை நடித்தே காட்டினார். லவீனியா வயிறு வலிக்கச் சிரித்தாள். டார்பிடோ பற்றி அவர் மூச்சுவிடவில்லை. அது தன்னுடைய சாமர்த்தியம் இல்லை, அதனால் சொல்ல ஒன்றும் இல்லை என்பது அவர் நினைப்பு. எங்கள் மேசைக்காரர்கள் பிள்ளைக்கு வீனஸ் என்று பெயர் வைக்கச் சொல்லி வம்பு பண்ணியதையும் சொல்லிவிட்டார். அத்தோடு லவீனியாவின் சிரிப்பு நின்றது.

“செருப்பால அடிப்பேன்னு சொல்லு அவங்ககிட்ட. எங்க அம்மா பேரு ஹெப்சிபா. அதான் வெக்கப்போறேன். உன்னைக் கேலி பண்றது பத்தாதுன்னு என் புள்ளையையும் கேலி பண்ணணுமா?”

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஞானஸ்நானம். கப்பலின் பின்தளத்தில் மணியைத் தலைகீழாக நிறுத்தி, சுற்றிலும் கொடி கட்டி, பளபளவென்று தேய்த்து வைத்திருந்தோம். பாதிரியார் வருவதற்குள் லவீனியாவை எங்கள் மேசைக்கு அழைத்து வந்து, இறைச்சி வைத்த சூடான பணியாரமும் தேநீரும் கொடுத்தோம். ட்ரெனர் பிள்ளையின் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “உன் புருஷன் அன்னிக்கு வாயைத் தொறக்காம இருந்திருந்தா, நாங்க ஒருத்தரும் இவ மொகத்தைப் பாத்திருக்க மாட்டோம்மா. அவனுந்தான்.”

“எந்த அன்னிக்கு?”

“ரெண்டாவது வாட்டி. டார்பிடோ வந்தப்ப. சொல்லலையா அவன்?”

ட்ரெனர் சொன்னான், கஞ்சிப் பானை உட்பட. மணிக்காக வாயை மூடிக்கொள்ள ஆசைப்பட்டதையும் பிறகு கத்தியதையும் சேர்த்துச் சொன்னான். லவீனியா பணியாரத்தைக் கீழே வைத்துவிட்டாள். பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு மேலே வந்தாள்.

பின்தளத்தில் கேப்டன், கமாண்டர், மாலுமிகள் எல்லோரும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். குளிர்காற்று அடித்தது. செப்டிமஸ் மணியின் விளிம்பை ஒரு கையால் தொட்டுக்கொண்டே நின்றார், யாராவது எடுத்துப் போய்விடுவார்களோ என்பதுபோல. பாதிரியார் பிள்ளையை வாங்கிக்கொண்டு கேட்டார்.

“குழந்தைக்கு என்ன பெயர்?”

“வீனஸ்,” என்றாள் லவீனியா. உரத்த குரலில்.

செப்டிமஸ் திடுக்கிட்டுத் திரும்பினார். “என்னடி சொல்றே?” என்று கிசுகிசுத்தார். “ஹெப்சிபான்னு சொல்லு. காலம் பூரா ஊரே சிரிக்கும் அவளைப் பாத்து.”

“சிரிக்கட்டுமே,” என்றாள் அவள். வரிசையாக நின்ற எங்களை ஒருமுறை முழுதாகப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. “சிரிக்கிறதுக்கு எல்லாரும் உசுரோட இருக்காங்கல்ல.”

பாதிரியார் மணியிலிருந்து தண்ணீரை அள்ளி ஊற்றினார். பிள்ளை வீறிட்டது. நானூறு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. செப்டிமஸ் மணியின் விளிம்பிலிருந்து கையை எடுத்து, முகத்தைப் பொத்திக்கொண்டார்.